பால் பைத்தானுக்கு மூச்சிரைத்தால்: ஒரு நோய் விசாரணைக் குறிப்பு

"அண்ணே, பாம்புக்குச் சளி பிடிக்குமா?"

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் போய் ஒரு வாரம் இருக்கும். ஒரகடம் ரோட்டோர டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து பிளான்ட்டில் மெயின்டெனன்ஸில் வேலை பார்க்கும் நண்பர் இப்படிக் கேட்டார். எங்கள் பக்கம் பாம்பு என்ற பேச்சு வந்தால் அது பெரும்பாலும் "குடோன்ல புகுந்துடுச்சு, ஆளைக் கூப்பிடு" என்பதாகத்தான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் போகும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஏரியும் வயலுமாக இருந்த இடம். இப்போது ஷெட் வந்துவிட்டது, ஷெட்டுக்கு எலி வந்தது, எலிக்குச் சாரை வருகிறது. ஆனால் நண்பர் கேட்டது வீட்டில் வளர்க்கும் பாம்பைப் பற்றி. அவரிடம் ஒரு பால் பைத்தான் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை (எந்தப் பாம்புக்கும் பாலோடு சம்பந்தமில்லை, அது தனிக் கதை). பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் என்பதால் அந்தப் பெயர். அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. விஷம் இல்லை, நாலு அடிக்குப் பக்கத்தில் வளரும், சாது. அதனால்தான் உலகம் முழுக்க வளர்க்கிறார்கள். தாய்லாந்திலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் பால் பைத்தான் பிடிபட்டது என்று சென்னை விமான நிலையச் செய்தி அடிக்கடி வருவதும் அதனால்தான்.

நண்பரின் பாம்புக்குப் பெயர் குட்டி. வெளிநாட்டுக்குப் போன ஒருவர் விட்டுப்போனது, காகிதம் எதுவும் இல்லை. இந்த "காகிதம் இல்லை" என்பதுதான் கிட்டத்தட்ட அதன் உயிருக்கு உலை வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குட்டி பெட்டியின் மூலையில் தலையைச் சற்று மேலே தூக்கி வைத்தபடி இருந்தது. காதை அருகில் கொண்டுபோனால் மூச்சு விடும்போது 'டிக், டிக்' என்று சின்னச் சத்தம். வாயோரத்தில் நுரை போல ஒரு குமிழி. இரண்டு மாதமாக எலி சாப்பிடவில்லை. அக்டோபரில் சமையலறைத் தராசில் 1,140 கிராம், இப்போது 985.

சாப்பிடாததை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. பால் பைத்தான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம், ஆரோக்கியமான பாம்பே அப்படிச் செய்யும். எடைதான் சொல்லும். பட்டினி கிடந்தும் எடை பெரிதாகக் குறையவில்லை என்றால் விட்டுவிடலாம். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் விஷயம் வேறு. இங்கே பதிமூன்றரை சதவீதம் போயிருந்தது. ஓவர்.

நாம் சளி பிடித்தால் இருமித் துப்புகிறோம். அதற்கு உதரவிதானம் வேண்டும். பாம்புக்கு அது கிடையாது, விலா எலும்பைச் சுருக்கி விரித்துத்தான் மூச்சு விடுகிறது. நம்மைப் போல இருமி வெளியேற்ற வழியே இல்லை. பெரும்பாலான பாம்புகளில் இடது நுரையீரல் பெயருக்குத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மலைப்பாம்பு வகைக்கு இரண்டும் உண்டு என்றாலும் இரண்டுமே நீளமான பை போன்ற அமைப்பு. அதன் அடியில் சளி தங்கினால் தங்கியதுதான். தலையைத் தூக்கி வைத்திருப்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது எல்லாம் காற்றுக்கு வழி தேடும் வேலை. ஆகவே மனிதனுக்கு 'லேசான சளி' என்று ஒன்று உண்டு, பாம்புக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. நம் காதுக்குச் சத்தம் கேட்கும் நேரத்தில் நோய் ஏற்கெனவே முற்றத் தொடங்கியிருக்கும்.

நண்பர் அதற்குள் சில வேலைகள் செய்திருந்தார். வீட்டில் இருந்த குழந்தை ஆன்டிபயாட்டிக் சிரப்பை வாயில் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார். தைலம் போட்டு ஆவி பிடிக்க வைத்திருக்கிறார். முதலாவது அளவும் தெரியாமல் கிருமியும் தெரியாமல் கொடுத்தது. இரண்டாவது இன்னும் மோசம், அந்த எண்ணெய்க் காரம் ஏற்கெனவே புண்ணான மூச்சுப்பாதையை எரிக்கத்தான் செய்யும். "டாக்டர்கிட்ட போகலையா?" என்றேன். "பேப்பர் இல்லண்ணே, மாட்டிக்குவேன்" என்றார். அடுத்த திட்டம், மாட்டு மருந்துக் கடையில் என்ரோஃப்ளாக்சசின் ஊசி வாங்கித் தானே போடுவது. இணையத்தில் யாரோ சொன்னதாம். அந்த மருந்தைப் பாம்புக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது தசையில் போட்டால் கடுமையாக எரியும், போட்ட இடம் அழுகிப்போகவும் வாய்ப்புண்டு. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த இரண்டு நாளையும் நான் வீணடித்திருக்கக் கூடாது, அன்றே டாக்டரிடம் இழுத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் என்ஜினியர் புத்தி, முதலில் டேட்டா வேண்டும் என்றது.

நண்பரின் தீர்ப்பு தெளிவாக இருந்தது: புயல்தான் காரணம். மூன்று நாள் கரண்ட் இல்லை, ஹீட் மேட் ஓடவில்லை, பாம்புக்குக் குளிர் தாக்கிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிளான்ட்டில் லைன் நின்றால் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்கச் சொல்லித்தருவார்கள் இல்லையா, முதல் ஏனுக்குக் கிடைக்கும் பதில் எப்போதும் இப்படி வசதியாகத்தான் இருக்கும். அவரது போனில் பழைய வீடியோக்களைத் தேடினோம். நவம்பர் நடுவில் பையன் எடுத்த ஒரு வீடியோவில் சத்தத்தை முழுதாக வைத்துக் கேட்டால் அதே 'டிக்'. புயலுக்கு மூன்று வாரம் முன்பே.

வீட்டில் சும்மா கிடந்த ஒரு இ.எஸ்.பி.32 போர்டில் இரண்டு வெப்ப சென்சார்களை இணைத்து, ஒன்றைச் சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் இடத்திலும் இன்னொன்றைக் குளிர்ந்த பக்கத்திலும் வைத்தேன். ஈரப்பதத்துக்கு ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு.

பால் பைத்தானுக்குச் சூடான முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 25 முதல் 27, ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் இருந்தால் நல்லது. இரவிலும் 24-க்குக் கீழே போகக் கூடாது. குட்டியின் பெட்டியில் பகலில் சூடான முனை 27.5. அதிகாலை நான்கு மணிக்கு 22. ஈரப்பதம் இரவு முழுக்க 90-க்கு மேல். ஆனால் தெர்மோஸ்டாட் மட்டும் சளைக்காமல் 32 என்று காட்டிக்கொண்டிருந்தது!

சென்னையில் இருந்துகொண்டு குளிரா என்று கேட்கலாம். படுக்கையறையில் ராத்திரி பத்தரைக்கு ஏ.சி. 23-இல் ஓடத் தொடங்கும், பெட்டி ஏ.சி.க்கு நேர் கீழே. சரி, ஹீட் மேட் என்ன செய்தது? அது பெட்டிக்கு அடியில் இருந்தது. தெர்மோஸ்டாட்டின் சென்சாரை அந்த மேட்டின் மீதே ஒட்டியிருந்தார். மேட்டுக்கும் பாம்புக்கும் நடுவே நாலு அங்குலம் தென்னை நார்க்கழிவு. ஈரப்பதம் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு அக்டோபரில் அதைத் தடிமனாகப் போட்டு, தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறார். மேட்டின் சூடு மேலே வர முடியாமல் அடியிலேயே நிற்க, தெர்மோஸ்டாட் '32 வந்தாச்சு' என்று அணைத்துவிடும். அளவிட்ட இடமும் பாம்பு இருந்த இடமும் வேறு. பிளான்ட்டில் இந்தத் தவறை எத்தனை தடவை பார்த்திருப்போம்.

இன்னொன்று. புயலின் மூன்று நாளும் ஏ.சி.யும்தானே ஓடவில்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுத்திருந்த அந்த ராத்திரிகள் குட்டிக்கு மற்ற ராத்திரிகளை விடப் பரவாயில்லாமல் கூட இருந்திருக்கலாம். பாவம், புயல் மேல் பழி.

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அதன் நோயெதிர்ப்பும் அதே சூட்டில்தான் ஓடுகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வெள்ளணுக்கள், செரிமானம், சிறுநீரகம் எல்லாம் ஒரே ரெகுலேட்டரில் மாட்டியது போல. சூடு குறைந்தால் அத்தனையும் சேர்ந்து மந்தமாகும். வாயிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் எப்போதும் இருக்கும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அப்போதுதான் நுரையீரலுக்குள் இறங்கும். கிருமி புதிதாக எங்கிருந்தோ வர வேண்டும் என்பதில்லை.

இந்த லாக்கை எடுத்துக்கொண்டு நண்பரையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, சென்னையில் ஊர்வன பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டிக்குள்ள டெம்பரேச்சர் என்ன?" நான் கிராஃபை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முக்கால்வாசிப் பேர் ரூம் டெம்பரேச்சர்னு சொல்லுவாங்க."

பிறகு அவர் செய்ததை வரிசையாகக் கவனித்தேன். எடை. உடலின் நடுவே வீக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. செதில்களுக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் உண்ணி. கையை ஈரமான வெள்ளைத் துணியில் துடைத்துக் கறுப்புப் புள்ளி ஏதும் ஒட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்தார், பாம்புப் பேன் இருந்தால் இதில் தெரியும். தோல் உரியும் சமயத்தில் மூக்குத் துளையில் பழைய தோல் அடைத்துக்கொண்டாலும் இதே 'டிக்' சத்தம் வரும் என்பதால் மூக்கையும் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் வாயைத் திறந்தார். பாம்பின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே, வாயின் முன்பகுதியில் திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும். இரையை விழுங்கும்போதும் மூச்சு விட வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. அதைச் சுற்றிக் கெட்டியான சளி, ஈறு லேசாகச் சிவந்து இருந்தது.

அந்த வாய் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, கொஞ்சம் சலைன் செலுத்தித் திரும்ப உறிஞ்சி எடுத்தார். கல்ச்சருக்கு. எந்த பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிந்துகொள்ள இதுதான் வழி. ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தார்.

நண்பர் அதற்குள் வேறு ஒரு பயத்தில் இருந்தார். தலை தூக்கி மேலே பார்ப்பதை இணையத்தில் 'நட்சத்திரம் பார்ப்பது' என்று எழுதி, அது ஐ.பி.டி. என்னும் கொல்லும் வியாதி என்று போட்டிருந்ததாம். இந்த ஐ.பி.டி.யின் வரலாறு சுவாரசியமானது. 1970-களிலிருந்தே மலைப்பாம்பு, போவா வகைகளை வளர்ப்பவர்களுக்கும் மிருகக்காட்சிசாலைகளுக்கும் தெரிந்த நோய். செல்லுக்குள் உருண்டை உருண்டையாகப் புரதம் சேர்ந்திருக்கும், காரணம் மட்டும் பிடிபடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஜோ டிரைசி என்ற வைரஸ் ஆராய்ச்சியாளருக்கு (2003-இல் சார்ஸ் வைரஸை அடையாளம் காண உதவியவர்) லாரி என்ற போவாவை வளர்த்த ஒரு பெண் கடிதம் எழுதினார்: என் பாம்புக்கு வந்திருப்பது என்ன என்று கண்டுபிடித்துத் தர முடியுமா? பிறகு அந்த ஊர் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்திலும் இதே நோய் பாம்புகளைத் தாக்க, மாதிரிகள் கிடைத்தன. மார்க் ஸ்டெங்லைனும் டிரைசியும் மற்றவர்களும் 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அரினா வைரஸ் குடும்பம். அதுவரை பாலூட்டிகளில் மட்டுமே தெரிந்த குடும்பம் அது, அதிலும் மேலுறைப் புரதம் எபோலா வகை வைரஸுடையதைப் போல இருந்தது. வைரஸை வளர்க்க அவர்களுக்குப் பாம்புச் செல்கள் தேவைப்பட்டன. ஜூலியட் என்ற போவாவின் சிறுநீரகத்திலிருந்து அதை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒரு வளர்ப்புப் பாம்பின் மேல் ஒருவர் வைத்த பாசத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி.

இரண்டு வருடத்தில், 2014-இல், பால் பைத்தானின் கடுமையான நுரையீரல் நோயோடு தொடர்புள்ள இன்னொரு வைரஸும் கிடைத்தது. நிடோ வைரஸ், நம் கொரோனா வைரஸுக்குத் தூரத்துச் சொந்தம். குட்டிக்கு அதுவும் இருக்கலாமே என்று நான் கேட்டேன். "இருக்கலாம். இருந்தா அதுக்கு மருந்து இல்ல. உங்ககிட்ட வேற பாம்பு இருக்கா? இல்லையா? அப்ப தொத்தும்கிற கவலை இல்ல. முதல்ல குணப்படுத்த முடியறதைப் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஐ.பி.டி.யைப் பற்றி ஒரு பரிசோதனை செய்து காட்டினார். பாம்பைப் புரட்டி மல்லாக்கப் போட்டால் ஆரோக்கியமான பாம்பு உடனே நிமிர்ந்துகொள்ளும். மூளை நரம்பு பாதித்தது திணறும், முறுக்கிக்கொள்ளும். குட்டி நொடியில் நிமிர்ந்தது. தலை தூக்கியது காற்றுக்காக, நட்சத்திரத்துக்காக இல்லை.

கல்ச்சரில் சூடோமோனாஸ் வளர்ந்தது. மருந்து செஃப்டாசிடைம் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் பத்து. அளவை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. யாரும் இந்தக் கட்டுரையைப் பார்த்து ஊசி போடக் கூடாது என்பதற்காகத்தான்.

மனிதனுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒன்று போடும் மருந்து, பாம்புக்கு மூன்று நாளைக்கு ஒன்று போதும் என்றால் ஏன்? மருந்தை வடிகட்டி வெளியேற்றும் சிறுநீரகம் மெதுவாக ஓடுகிறது. அதனால் மருந்து இரத்தத்தில் நெடுநேரம் தங்கும். சூட்டை மாற்றினால் இந்தக் கணக்கு மாறிவிடும். அமிகாசின் என்ற இன்னொரு மருந்தை வைத்து 1985-இலேயே அமெரிக்காவில் கோஃபர் பாம்புகளில் இரண்டு வெப்பநிலைகளில் சோதித்து, வெப்பநிலையைப் பார்க்காமல் மருந்தளவு தீர்மானிக்கக் கூடாது என்று காட்டியிருக்கிறார்கள். அமிகாசின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது வேறு. உடலில் நீர் வற்றிய பாம்பு, குளிர்ந்த பெட்டி, இந்த மருந்து மூன்றும் சேர்ந்தால் கிருமிக்கு முன்னால் பாம்பு போய்விடும். ஆகவே பெட்டியைச் சரிசெய்யாமல் ஊசி போடுவதில் அர்த்தமே இல்லை. பெட்டிச் சூடும் மருந்துச்சீட்டின் ஒரு வரி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். பெட்டியை ஹாலுக்கு மாற்றினோம். நார்க்கழிவை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாள் விரித்தோம். தெர்மோஸ்டாட் சென்சாரைப் பாம்பு படுக்கும் பரப்பிலேயே ஒட்டினோம். நோய் இருக்கும்வரை இரவிலும் 27-க்குக் கீழே விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உடலில் நீர் குறைந்திருந்ததால் முதலில் தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். ஊசியை நண்பருக்குக் கற்றுக்கொடுத்தார்: உடலின் முன் மூன்றில் ஒரு பகுதியில், முதுகெலும்புக்குப் பக்கத்துத் தசையில், ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றி. கரைத்த மருந்தைப் பத்து சிரிஞ்சில் பிரித்து உறைய வைத்துத் தந்தார். வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் அதை வைத்ததில் நண்பரின் மனைவிக்கும் அவருக்கும் நடந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன். வலுக்கட்டாயமாக எலியைத் திணிக்கலாமா என்று கேட்டதற்குக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். மூச்சே விட முடியாததுக்குச் செரிக்கத் தெம்பு எங்கிருந்து வரும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், பாம்பின் குடலில் சால்மோனெல்லா சாதாரணம்.

காகித விஷயம். டாக்டர் அதைக் கேட்கவே இல்லை. ஆனால் நண்பரின் பயம் வெறும் கற்பனையும் இல்லை. நல்ல பாம்பு, சாரை, நம் ஊர் மலைப்பாம்பு இவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதில் பேச்சுக்கே இடமில்லை. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கூட அரசு அனுமதியோடுதான் பிடிக்கிறது. மண்பானையில் சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிட வேண்டும். வெளிநாட்டுப் பாம்புக்கு நீண்ட காலம் இங்கே தெளிவான விதியே இல்லை. 2022 திருத்தம் பால் பைத்தான் போன்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியல் உயிரினங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி இறுதியில் விதிமுறை வந்து, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். நண்பர் பதிந்தார், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அப்லோட் செய்துகொடுத்தேன். எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கான இறக்குமதிச் சட்டம் தனி. என் கருத்தைக் கேட்டால், காகிதம் இல்லாத பாம்பை வாங்கவே கூடாது. வாங்கியவர் மேல் எனக்குக் கோபம் உண்டுதான். ஆனால் அந்தத் தவறுக்கான தண்டனையைப் பெட்டிக்குள் இருக்கும் பாம்பு மூச்சுத் திணறி அனுபவிப்பதை ஏற்க முடியவில்லை.

நான்காவது ஊசிக்குப் பிறகு குமிழி நின்றது. ஏழாவதில் சத்தம் குறைந்தது. பத்தும் முடிந்து ஜனவரி கடைசியில் மறுபடி கல்ச்சர், எதுவும் வளரவில்லை. எடை 960-இல் நின்று, மார்ச் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி சின்ன எலியை எடுத்தது. நண்பர் பதினொன்றரை மணிக்கு வீடியோ அனுப்பினார். சத்தத்தை முழுதாக வைத்துக் கேட்டேன், மூச்சுச் சத்தம் இல்லை, பின்னணியில் நண்பரின் மனைவி "சாப்டுச்சா?" என்று கேட்பது மட்டும் இருந்தது.

லாகரைத் திரும்ப வாங்கவில்லை. 25-க்குக் கீழே போனால் இருவர் போனுக்கும் அலர்ட் வரும்படி எழுதிவைத்தேன். மே மாதம் ஒரு மதியம் கரண்ட் போய், பூட்டிய ஹாலில் பெட்டி 36-ஐத் தொட்டிருக்கிறது. பால் பைத்தானுக்கு அது குளிரை விட வேகமாகக் கொல்லும் சூடு. நல்லவேளை பையனுக்கு ஸ்கூல் லீவு, வீட்டுக்கு வந்தவன் ஈரத்துணி போட்டு ஜன்னலைத் திறந்திருக்கிறான். எனக்கு அலர்ட் எதுவும் வரவில்லை, நான் கீழ் எல்லையை மட்டும்தான் எழுதியிருந்தேன். அன்று சாயங்காலம் மேல் எல்லையையும் சேர்த்து, போர்டுக்கு ஒரு பவர் பேங்க்கும் மாட்டிவிட்டு வந்தேன்.